பட்டாணி பகரும் பாடம்

குலத்தைக் காட்டிக் குணத்தை அளக்கும் கூட்டம் இன்று புதுவேடம் புனைந்திருக்கிறது. நேற்றுவரை சாத்திரத்தைச் சான்றுக்கு அழைத்தவர்கள், "மரபியலே எங்கள் பக்கம்!" என்று மார்தட்டுகின்றனர். நன்று! அந்த மரபியலின் முதல் ஏட்டை நாமும் புரட்டிப் பார்ப்போம்.

உழவர் குடியில் பிறந்த கிரகோர் மெண்டல், இன்று செக் நாட்டிலுள்ள பிர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணியை ஆய்ந்தார். நெட்டையையும் குட்டையையும் கலந்தார். பிறந்தவை அனைத்தும் நெட்டை! குட்டை மாண்டதோ? இல்லை, மறைந்திருந்தது. அந்தக் கலப்புச் செடிகள் தம் மகரந்தத்தாலேயே ஈன்ற விதைகளை வளர்த்தபோது, நெட்டை 787, குட்டை 277. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

காரணம் என்ன? உயரத்துக்கு இரு காரணிகள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. கலப்புச் செடியில் நெட்டைக்கு ஒன்று, குட்டைக்கு ஒன்று. எது விதைக்குச் செல்லும் என்பது காசு சுண்டுவதை ஒத்தது. வகுப்பறையில் நாம் மாணவரிடம் இரு காசுகளைத் தந்து சுண்டச் சொல்கிறோம். இரண்டும் பூவாக விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அதுவே குட்டை. மும்முறை நெட்டை வந்ததால் நான்காவது குட்டையே என்று எவரும் கூற இயலாது. ஆயிரம் செடிக்குக் கணக்குண்டு. தனியொரு விதைக்குத் தலையெழுத்து இல்லை!

மெண்டல் அத்துடன் நின்றாரல்லர். அந்த நெட்டைகளுள் 100 செடிகளின் விதைகளை மீண்டும் வளர்த்தார். 28 செடிகளின் வழியில் நெட்டை மட்டுமே வந்தது. 72 செடிகளின் வழியில் குட்டையும் தலைகாட்டியது. புறத்தே நிமிர்ந்து நின்றவற்றுள் பெரும்பாலானவை அகத்தே குட்டையைச் சுமந்திருந்தன!

தூய்மை பேசும் பெரியோரே! ஒரே ஓர் இணைக் காரணி ஆளும் பட்டாணியிலேயே தோற்றம் தூய்மைக்குச் சான்றாகவில்லை. மனிதனின் உயரமோ ஆயிரக்கணக்கான மரபுக் கூறுகளோடு உண்ணும் உணவாலும் அமைவது. அவ்வாறிருக்க, அறிவையும் ஒழுக்கத்தையும் பிறப்பால் பங்கிட்டுக் கொடுக்க எந்தப் பட்டாணி உங்களுக்குப் பட்டயம் எழுதித் தந்தது?

கலந்து பார்த்து, எண்ணிப் பார்த்து, உண்மை கண்டவர் மெண்டல். "கலவாதே!" என்று வேலியிட்டவர் நீங்கள். ஆய்வையே மறுத்தவருக்கு ஆய்வின் முடிவில் உரிமை ஏது?

1866இல் அச்சேறிய அவருடைய உண்மை, 1900இல்தான் உலகின் கண்ணுக்குத் தென்பட்டது. அவரோ 1884இலேயே மறைந்துவிட்டார். தோட்டத்தில் விளைந்த அந்த அறிவை இனியும் பொய்க்குப் பந்தலாக்க விடலாமா? பள்ளிதோறும் இரு காசுகள் போதும். சுண்டிப் பார்க்கட்டும் சிறுவர்கள். பிறப்புப் பெருமையின் பித்தம் தானே தெளியும்!