மின்னல் விழுந்த வீடும் இன்ஷூரன்ஸ் பத்திரமும்

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையின் தொடக்கத்திலும் இடியும் மின்னலும் நம் பிரதேசத்துக்குப் புதிய விஷயங்களல்ல; ஆயினும் இடி விழுந்த வீட்டுக் குடும்பம் நஷ்ட ஈட்டுக்காகப் படும் அலைச்சலைப் பற்றி எவரும் போதிய அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மின்னல் பாயும் பாதையில் காற்றின் உஷ்ணம் ஒரு க்ஷணத்தில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸை எட்டிவிடுவதால், ஓட்டுக்கூரையின் கைமரத்திலும் மெத்தை வீட்டுக் கைப்பிடிச் சுவரிலும் ஊறியிருக்கும் ஈரம் அக்கணமே ஆவியாகி வெடித்து, முகட்டு ஓடுகளைச் சிதறடித்து, சுவரின் மூலையைப் பெயர்த்து எறிந்துவிடுகிறது. அத்துடன் மின்னல் ஓய்வதில்லை. மின்கம்பி வழியே உள்ளே இறங்கி, சுவிட்ச் பலகையைக் கரியாக்கி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ஆகிய யாவற்றையும் ஒருசேர நாசம் செய்துவிடுகிறது. சிதறிய ஓடுகளை மாற்ற ஒரு கொத்தனாரும் சிற்றாளும் போதும். உள்ளே எரிந்துபோன சாமான்களை மறுபடி வாங்கவோ, மாதச் சம்பளக் குடும்பம் கடன்பட நேருகிறது.

பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுப் பாலிசியை வழங்கியாக வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்தது மெச்சத்தக்க காரியம். ஈடு தரவேண்டிய ஆபத்துக்களில் மின்னலும் ஒன்றென்று அந்தப் பாலிசி சொல்கிறது. வீட்டின் பரப்பை உள்ளபடி தெரிவித்திருந்தால், குறைந்த தொகைக்கு இன்ஷூர் செய்ததைக் காரணம் காட்டி ஈட்டை வெட்டவும் இடமில்லை. கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள் பாதுகாப்பு உண்டு.

இவ்வளவும் தந்த அதே பத்திரம், விலக்குகளைக் கூறும் பகுதியில், ஒரு மின்சாதனம் மிகை அழுத்தத்தாலோ ஷார்ட் சர்க்யூட்டாலோ கெட்டுப்போனால், அதற்கு மூலகாரணம் மின்னலாகவே இருந்தாலும், அந்தச் சாதனத்துக்கு ஈடு இல்லை என்று விதித்துவிடுகிறது. பழைய தீ இன்ஷூரன்ஸ் பாலிசியிலிருந்தே தொடர்ந்துவரும் ஷரத்து இது. நிபுணர்களை வைத்து இயந்திரங்களைப் பராமரிக்க வசதியுள்ள ஆலை முதலாளிக்கு இதனை விதிப்பதில் ஒருவேளை நியாயம் இருக்கலாம். ஒரு குளிர்சாதனப் பெட்டியும் ஒரு மோட்டாருமே ஆஸ்தியாக உடைய குடும்பத்துக்கு இதை விதிப்பது அநீதி. வீட்டுப் பாலிசியிலிருந்தேனும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை நீக்க வேண்டும்.

அதுவரை வாசகர்கள் சிலவற்றைக் கவனிப்பது அவசியம். ஓடு பழையது, சுவர் முன்னமே விரிசல் கண்டது என்ற ஆட்சேபம் எழக்கூடுமாதலால், வீடு நல்ல நிலையில் இருக்கும்போதே கூரையைப் படம் எடுத்து வையுங்கள். இடி விழுந்தால் கம்பெனிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்து, சர்வேயர் வந்து பார்க்குமுன் உடைந்த ஓட்டையும் கருகிய பலகையையும் அப்புறப்படுத்தாதிருங்கள். வீட்டுக் கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி பாங்கிக் கோப்பில் கிடக்குமானால், அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கம்பெனி மறுத்தாலும், புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.