சாளரத்துக்கு வெளியே

சொந்த வீட்டில் வசிப்பவன் காற்று வேண்டுமென்று தோன்றினால் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்துக்கொள்வான். வாடகைக்குக் குடியிருப்பவனோ, கட்டியவர் எவ்வளவு காற்றை உள்ளே விடச் சித்தமாயிருந்தாரோ அவ்வளவையே சுவாசித்தாக வேண்டும். ஆகையினால் காற்றோட்டம் வீட்டுச் சொந்தக்காரரின் தயாளத்துக்கு விடத்தக்க விஷயமன்று, சட்டத்தின் கடமை என்பதே என் திடமான அபிப்பிராயம். ஆனால் அந்தச் சட்டம் அளக்க வேண்டியதை அளக்காமற்போனால் நேரும் விபரீதத்துக்கு நியூயார்க் நகரத்தின் சரித்திரமே தக்க திருஷ்டாந்தம்.

தொழிலாளரும், கப்பலேறி வந்து குடியேறிய ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த அந்நகரின் அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களில், காற்றும் வெளிச்சமும் எட்டாத இருட்டறைகள் மலிந்திருந்தமையால், படுக்கையறைகளுக்கெல்லாம் ஜன்னல் இருந்தாக வேண்டுமென்று 1879-இல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஒரு தொழிற்பத்திரிகை நடத்திய போட்டியில் பரிசு பெற்ற ஜேம்ஸ் வேர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடம், 25 அடி அகலமும் 100 அடி நீளமுமான மனையைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு, அண்டைக் கட்டடத்துக்கும் தனக்கும் இடையே சுமார் ஐந்தடி அகலமே உள்ள ஒரு சந்து விட்டு, உள்ளறை ஜன்னல்களை அதை நோக்கித் திறந்துவிட்டது. சட்டத்தின் வாசகம் நிறைவேறியது. அந்த வரைபடத்தின்படி எழுந்த கட்டடங்களில் மனிதர் மூச்சுத் திணறினர்.

நாற்புறமும் சுவரால் அடைபட்டு, ஐந்தாறு மாடி உயரத்துக்கு நின்ற அந்தக் குறுகிய பள்ளத்தில் கீழிருந்து புதுக்காற்று புக வழியில்லை. மேலே வீசிய காற்று அடிமாடிவரை இறங்கவுமில்லை. குடித்தனங்களின் குப்பையெல்லாம் அதில் விழுந்து அழுகவே, துர்நாற்றத்துக்கு அஞ்சி ஜனங்கள் அருமையாய்க் கிடைத்த ஜன்னலை அடைத்துவைத்தனர். தீப்பற்றிய வேளைகளிலோ, அதுவே புகைபோக்கியாகி ஜுவாலையை மாடிக்கு மாடி ஏற்றிற்று. ஒரு மாடியின் 14 அறைகளில் தெருவையோ கொல்லையையோ நேரே பார்த்தவை நான்குதான்.

1900-இல் லாரன்ஸ் வெய்லர் என்பவர் இக்கட்டடங்களின் அட்டை மாதிரியையும், க்ஷயரோகம் கண்ட வீடுகளைப் புள்ளியிட்ட படங்களையும் பொதுஜனங்கள் பார்க்கக் காட்சிக்கு வைத்தார். மறு வருஷம் வந்த சட்டம், ஜன்னலோடு நில்லாமல், அதற்கு வெளியே இருக்க வேண்டிய முற்றத்தின் அகலத்தையும், கட்டடம் உயர உயர அது விரிய வேண்டிய விதத்தையும் நிர்ணயித்தது. குறுகிய ஒற்றை மனையில் கட்டுவது அதனால் ஆதாயமற்றதாயிற்று. எனினும் நின்றுகொண்டிருந்த பழைய கட்டடங்களை இடிக்க அது நிர்ப்பந்திக்கவில்லை. இருட்டறைகளின் உட்சுவரில், பக்கத்து அறையின் காற்றையாவது வாங்கிக்கொள்ள, ஜன்னல் வெட்டச் சொன்னது. அந்தக் கட்டடங்களில் பின்னும் ஒரு தலைமுறைக்கு மேலாக ஜனங்கள் வாடகை கொடுத்து வாழ்ந்தனர்.