வில்வத்திற்கு இரண்டு குடம் நீர்

வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில், மார்கழி, தை மாதங்களிலேயே எங்கள் சரவணம்பட்டியில் தோட்டத்து மண் காய்ந்துவிடும். காலைப்பனி இலையை நனைக்குமே அன்றி வேரை எட்டாது.

நாள்தோறும் ஒரு சொம்பு நீர் வார்த்துத் துளசியை வலம் வருகிறோம். மாடத்துத் துளசிக்கு அது போதும். தரையில் நட்ட வில்வத்திற்கும் வன்னிக்கும் அது வழிபாடாகுமே தவிர, தாகம் தீர்க்காது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர்களும் மேலேயே தங்கிவிடும். பங்குனி வெயிலைத் தாங்கமாட்டா. ஆதலின், இளங்கன்றுக்கு வாரம் ஒருமுறை, காலையில், இரண்டு குடம் நீரை மெல்ல விடுங்கள். தண்டைவிட்டுச் சற்றுத் தள்ளி வட்டப்பாத்தி கட்டி, சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் காக்கும். செம்மண்ணாயின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை விடலாம்.

சிவராத்திரி வரும் மாசியில் வில்வம் இலையுதிர்ப்பதைக் கண்டு, பட்டுப்போயிற்று என வெட்டிவிடுவோர் உண்டு. வறண்ட பருவத்தில் இலையுதிர்த்துப் பின்னர்த் தளிர்ப்பது அதன் இயல்பு. சிறுகிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பூசைக்கு இலை குறைந்தாலும் கவலை வேண்டா. ஒருமுறை சாத்திய வில்வத்தைக் கழுவி மீண்டும் சாத்தலாம் என்பது பெரியோர் மரபு.

பேரூரில் பட்டீசுவரரையும் இறவாப்பனையையும் வணங்கித் திரும்பும் அன்பர்களே, நம் வீட்டு வில்வத்தை வாடாமல் காப்பதும் அவன் திருப்பணியே.