உறிஞ்சுவது வேறு, ஆற்றுவது வேறு

வயிற்று அறுவைக்குப் பின் குடல் தையல் விட்டுப்போய், குடல்நீர் வயிற்றுத் தோலின் வழியே வெளியேறும் நிலையைக் குடல் ஃபிஸ்டுலா என்கிறோம். காசநோயாலும் டைபாய்டாலும் குடலில் துளை விழுந்து அறுவைக்கு வருவோர் இன்றும் உள்ள நம் நாட்டில் இது பாடநூலோடு நின்றுவிடும் நோயன்று. நாளொன்றுக்கு 500 மி.லி.க்கு மேல் கசிந்தால் அது மிகைக்கசிவு. அந்நீரின் செரிமான நொதிகள் சுற்றியுள்ள தோலை அரித்துப் புண்ணாக்குவதை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார்.

இதற்கு எதிர்மறை அழுத்தச் சிகிச்சையே தீர்வு என்று சிலர் உறுதியாகப் பேசுகின்றனர். என் கருத்து சற்றே வேறு.

1997இல் ஆர்ஜென்டாவும் மோரிக்வாஸும் இம்முறையை விவரித்தனர். காயத்தில் நுரைப்பஞ்சு வைத்து, ஒட்டுப்படலத்தால் காற்றுப் புகாமல் மூடி, ஏறத்தாழ 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சுவதே அம்முறை. ஃபிஸ்டுலாவில் அது கசிவைத் திரட்டுகிறது, தோலைக் காக்கிறது, அடிக்கடி கட்டு மாற்றும் துன்பத்தைக் குறைக்கிறது. நோயாளி நனையாத படுக்கையில் உறங்குகிறார். இது சிறிய பேறன்று.

ஆயினும் துளை மூடுவதற்குத் தொற்று அடங்க வேண்டும். உடலில் ஊட்டம் சேர வேண்டும். துளைக்குக் கீழே குடல் அடைப்பின்றி இருக்க வேண்டும். 1960இல் எட்மண்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 43 பேர் இறந்திருந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அந்த இறப்பைக் குறைத்தவை ஊட்டமும் தொற்றுக் கட்டுப்பாடும். இக்கருவி அப்போது பிறக்கவேயில்லை. மேலும், திறந்த குடல்மீது நுரைப்பஞ்சு நேரடியாகப் பட்டால் புதிய துளை உண்டாகலாம். ஜோசஃப் ஃபிஷர் 2008இலேயே இது குறித்து எச்சரித்தார்.

நம் வார்டுகளில் சுவர் உறிஞ்சுகுழாயும் சாதாரண நுரைப்பஞ்சும் கொண்டு இச்சிகிச்சை நடப்பதில் நாணத்தக்கது எதுவுமில்லை. நாணத்தக்கது, அதை நாம் பதிவு செய்யும் முறை. மூடிய ஃபிஸ்டுலா கட்டுரையாகிறது. மூடாதது கோப்பறைக்குள் போகிறது. அக்கட்டுரையை மட்டும் படித்த இளம் மருத்துவர் அடுத்த நோயாளியின் வயிற்றில் நுரைப்பஞ்சை வைக்கிறார்.

ஆய்வேடு எழுதும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்ந்தெடுத்த நோயாளிகளை விடுத்து, வந்த அனைவரையும் வரிசையாகச் சேருங்கள். அழுத்தம், நாட்கசிவு, உடல் எடை, குடலை மறைத்த விதம், புதிதாய் விழுந்த துளை, இறப்பு ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். பிழைக்காதவரின் பதிவே அடுத்தவரைப் பிழைக்கவைக்கக்கூடும்.