கடலோரத்தில் பிறந்தவர்கள் காசு கொடுத்துக் கடலுக்குப் போக வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு என்று பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தரத் தயாராக இருக்கும் வீடுகளில் உள்ளவர்களாவது முழுதாக வாசியுங்கள்.

எங்கள் கல்யாணம் நடந்து 35 வருடம் ஆனதற்காக பெங்களூரில் இருக்கும் மகன் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படங்கள் அனுப்பினான். கடலுக்குள் தூண் நட்டு மேலே ஓலைக்கூரை போட்ட அறைகள். கட்டிலில் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து வைத்திருந்தார்கள். "அப்பா, இதுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றான். ஒரு ராத்திரி வாடகையைப் பார்த்தேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய ஒரு வருடச் சம்பளத்தை விட அதிகம்.

"மக்களே, நமக்கு எதுக்கு இது? சொத்தவிளை இருக்கு, சங்குதுறை இருக்கு, முட்டம் இருக்கு. கடல் பாக்கதுக்கு பிளேன் ஏறணுமா?" என்று பதில் போட்டுவிட்டு, சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு பேப்பரை எடுத்தேன்.

பின்னால் நின்று இதைப் பார்த்த என் மனைவி சொன்னாள்: "பாக்கதுக்கு வேண்டாம். நான் இந்த வயசு வரைக்கும் கடல்ல முட்டளவுக்கு மேல எறங்கினதில்ல, கேட்டியளா. ஒரு தடவ கழுத்தளவு தண்ணில நிக்கணும்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அவள் பிறந்த ஊரில் இருந்து கடல் நான்கு கிலோமீட்டர். ஆடி அமாவாசைக்கு முக்கடலில் முங்குவது கூட என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான். நம் ஜில்லாக் கடல் பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய விஷயம் கூட வேண்டாம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்களே. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. அதன் பிறகு எந்தத் தைரியத்தில் வீட்டுப் பெண்களைக் கடலுக்குள் இறங்கச் சொல்வது?

எனவே என் கேள்வி தப்பு. சொத்தவிளையில் இல்லாத எது அந்தத் தீவில் இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் ஒன்றுதான்: அலை அடிக்காத கடல். இந்தத் தீவுகள் பவளப்பாறை வளையத்தின் மேல் அமைந்தவை. பெரிய அலை எல்லாம் வெளியே பாறை விளிம்பில் மோதி உடைந்துவிடும். உள்ளே குளம் மாதிரி தண்ணீர், கீழே வெள்ளை மணல். கட்டிலும் குளியல் தொட்டியும் அன்னப்பறவையும் நாகர்கோவில் லாட்ஜிலும் கிடைக்கும். இந்தத் தண்ணீர் கிடைக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். எனக்கு முதலில் லட்சத்தீவு மேல்தான் ஆசை. 2017இல் ஒக்கி அடித்தபோது நம் கரை மீனவர்கள் பலர் உயிரோடு கரையேறியது அங்கேதான். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய் வந்த பிறகு மாலத்தீவா லட்சத்தீவா என்று முகநூலில் பெரிய சண்டையே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டையில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு எடுக்க முயன்றார்கள் என்று எனக்குச் சந்தேகம். நாம் இந்தியர்களாக இருந்தாலும் அங்கே போக அனுமதி வேண்டும். அறைகள் குறைவு. டாடா குழுமம் சுஹேலியிலும் கத்மத்திலும் தாஜ் ஹோட்டல் கட்டப்போவதாக 2023 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். கொச்சியில் இருந்து கப்பலில் போனால் சில தீவுகளில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறி இறங்க வேண்டும். மூட்டு வலிக்காரியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வயது குறைந்தவர்கள் அவசியம் அங்கே போங்கள். மினிக்காயில் பேசுவது மாலத்தீவு மொழியைச் சேர்ந்த மொழிதான்; 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது.

மாலத்தீவு நமக்கு அந்நியம் இல்லை. வான்வழியில் கணக்குப் போட்டால் நாகர்கோவிலில் இருந்து சென்னை எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவுதான் மாலே. நம் ஜில்லாவில் இருந்து வாத்தியார் வேலைக்கு அங்கே போனவர்கள் எத்தனை பேர்! ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் அங்கே ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் இருந்தான். அவனிடம் போன் போட்டுக் கேட்டேன். அவன் முதலில் சொன்னது: "படத்தப் பாத்து எடுக்காத. மேப்பப் பாத்து எடு."

அவன் சொன்னதையும் பட்டுத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது விமான நிலையத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்பது. பக்கத்துத் தீவு என்றால் ஸ்பீட் போட். தூரத்துத் தீவு என்றால் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம். அதற்குப் போக வர ஆளுக்கு 400, 500 டாலர் என்று தனியாக வாங்குவார்கள். அந்த விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் அன்று ராத்திரி மாலே பக்கத்தில் வேறு அறை எடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வரி. எங்களுக்கு விலை சொன்ன ஒரு ஏஜென்ட் 400 டாலர் என்று மட்டும் சொன்னார். கணக்கு வாத்தியாரை ஏமாற்ற முடியுமா? 400க்கு 10 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 440. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையில் இருந்து 17 சதவீதம், ஆக ஏறக்குறைய 515. பிறகு பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், இருவருக்கு 24. மொத்தம் 539. நானூறு எங்கே, ஐந்நூற்று முப்பத்தொன்பது எங்கே! இதையெல்லாம் நான் எழுதிக் காட்டிய பிறகு, "சார், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் அவர். சாப்பாடும் அப்படித்தான். காலை உணவு மட்டும் சேர்ந்த அறை மலிவு என்று எடுக்காதீர்கள். ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல். மத்தியானம் வெளியே போய்ச் சாப்பிட ஒரு டீக்கடை கூட இருக்காது.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது, தண்ணீர். கடலுக்கு மேல் கட்டிய அறைதான் பெருமை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் ஏணி பல இடங்களில் ஆழத்துக்குள் இறங்கும்; நீந்தத் தெரியாதவருக்கு அது பால்கனிதான். பாதி விலைக்குக் கரையில் இருக்கும் அறையை எடுத்தால் வாசலில் இருந்து மணலில் நடந்தே தண்ணீருக்குள் போகலாம். அதிலும் எந்தப் பக்கத்துக் கரை என்று கேளுங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குப் பக்கத்தைக் கலக்கும். காற்று மாறினால் மணலும் தீவின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போகும். படத்தில் இருக்கும் மணல் நீங்கள் போகும் மாதத்தில் இருக்கும் என்று உறுதி இல்லை. நாங்கள் போன ஹோட்டலிலேயே ஒரு பக்கம் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் ஊர் தூண்டில் வளைவேதான்! கடல் அரிப்பு பணக்காரத் தீவு என்று பார்ப்பதில்லை.

பிப்ரவரியில் போனோம். இரண்டு ராத்திரி பெரிய ஹோட்டல், மூன்று ராத்திரி மாஃபுஷி என்கிற, ஊர்க்காரர்கள் குடியிருக்கும் தீவில் ஒரு சின்ன விடுதி. மகனுக்கு இந்தப் பங்கு பிடிக்கவில்லை. "காசு நான் தர்றேன்லப்பா" என்று வருத்தப்பட்டான். நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

பெரிய ஹோட்டலைக் குறை சொல்ல மாட்டேன். படகில் இருந்து இறங்கும்போதே என் மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட ஒரு பையன், செருப்பைக் கழற்றி வைக்க ஒரு பையன். அழுக்கு என்பதே இல்லை. அந்த நாட்டில் இந்த வியாபாரம் 1972இல் குரும்பா என்கிற ஹோட்டலில்தான் தொடங்கியதாம். அவர்கள் மொழியில் குரும்பா என்றால் இளநீர். நம் ஊரில் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்போம், தங்கச்சி முறைதான் போல. ஆனால் அங்கே இரண்டு நாளில் ஒரு மாலத்தீவு வீட்டையோ ஒரு பள்ளிக்கூடத்தையோ நாங்கள் பார்க்கவில்லை. குடியிருப்பே இல்லாத தீவு. கரையில் வெள்ளைக்காரப் பெண்கள் நீச்சல் உடையில் படுத்திருக்க, சுடிதாரோடு தண்ணீரில் இறங்க என் மனைவிக்குக் கூச்சம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் முட்டளவோடு திரும்பி வந்துவிட்டாள். "நாளைக்குப் பாப்பம்" என்றாள். மறுநாளும் அப்படியே. ஒரு ராத்திரிக்கு 539 டாலர்!

மாஃபுஷியில் வேறு மாதிரி. அங்கே ஒரு ஜெயில் கூட இருக்கிறது, அதைப் பார்த்து அவள் கொஞ்சம் பயந்தாள். வெளிநாட்டவர் நீச்சல் உடையில் குளிக்கத் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடம்பை மூடிய உடை. சாராயம் கிடைக்காது. காலையில் மாஸ் ஹுனி என்று ஒன்று தந்தார்கள், சூரை மீனைத் தேங்காய்த் துருவலோடும் வெங்காயத்தோடும் பிசைந்து, ரொட்டியோடு. நம் மாசிக் கருவாட்டின் ஊர் ஆயிற்றே, ருசிக்குக் கேட்கவா வேண்டும். பசுமை வரியும் சின்ன விடுதிகளில் பாதி, 6 டாலர். 2009 வரைக்கும் இப்படி ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அவர்களுக்கு அனுமதியே இல்லை. வந்த பயணிகளின் காசு அதுவரை ஹோட்டல் தீவுகளிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணி வெயில் தாழ்ந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு தண்ணீருக்கு வந்தார்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துணி, அப்படியே கழுத்தளவு தண்ணீரில் போய் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரி. என் மனைவி ஐந்து நிமிடம் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். பாஷை தெரியாமலே ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

வசதியான ஹோட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு, யாரும் பார்க்காத தனிமை வேண்டும் என்பவர்களுக்கு, அந்தக் காசுக்கு அது சரியான பொருள்தான். என் மகனும் மருமகளும் போனால் அங்கேயே போகட்டும். அம்மா அப்பாவை அனுப்பும் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன்: எந்த அறை வேண்டும் என்று கேட்காதீர்கள், தண்ணீரில் என்ன செய்ய ஆசை என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பாவிடம் கேட்டால் சொத்தவிளையைச் சொல்வார்.

போட்டோ ஏன் போடவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். போன் கரையில் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் தண்ணீரில்தான் நின்றேன். செலவு விவரம் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், தாளில் எழுதிய கணக்கு அப்படியே இருக்கிறது, அனுப்புகிறேன். ஏஜென்ட் பெயர் மட்டும் கேட்காதீர்கள்.