ஒரு துணிக்கு இரண்டு கூலி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணிப் பயணம். அதற்குள் எனக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி ஆசிரியருக்கும் சண்டை மூண்டுவிட்டது. உயிர்த் தொழில்நுட்பம் கற்பிக்கிறவர், நல்ல மனிதர். "பேடண்டில் தொடர்ச்சி மனுவுக்கு வரம்பு கட்டினால் பல்கலைக்கழக ஆராய்ச்சியே படுத்துவிடும், ஸார்!" என்றார்.

தொடர்ச்சி மனு என்றால் என்ன? அமெரிக்காவில் ஒரு கண்டுபிடிப்புக்கு மனுச் செய்தவர், அது நிலுவையில் இருக்கும்போதே, அதே விளக்கத்தை வைத்துக்கொண்டு வேறு உரிமை கோரி இன்னொரு மனுப் போடலாம். அதன் மேல் மற்றொன்று. தேதி மட்டும் பழைய முதல் தேதி.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். ரிச்சர்ட் ஆக்ஸலும் சகாக்களும், அரசாங்கப் பண உதவியோடு, பாலூட்டிகளின் உயிரணுவுக்குள் அந்நிய மரபணுவைச் செலுத்த வழி கண்டார்கள். 1980ல் மனு, 1983ல் பேடண்ட். ரத்தசோகைக்கான எரித்ரோபாய்டின் முதலிய மருந்துகளைச் செய்த கம்பெனிகள் ராயல்டி கட்டின. மொத்தம் சுமார் 79 கோடி டாலர்! 2000 ஆகஸ்டில் காலம் முடிந்தது. முடிந்ததா? 1995ல் போட்டு வைத்திருந்த தொடர்ச்சி மனு 2002ல் புதுப் பேடண்டாக முளைத்தது. ஆயுள் 2019 வரை! கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போன பிறகே, 2004ல், பல்கலைக்கழகம் பின்வாங்கியது.

"அது பழைய சட்டம். இப்போது முதல் மனுவிலிருந்து 20 வருஷம்தானே?" என்றார் நண்பர்.

வாஸ்தவம். ஆயுள் நீளாது, ஆனால் வலை விரியும். அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டு, பழைய விளக்கத்துக்குள் அடங்கும் வரையில், அவன் அகப்படும்படி உரிமையை எழுதிக்கொள்ளலாமே!

2007ல் அமெரிக்கப் பேடண்ட் அலுவலகம், தகுந்த காரணமின்றி இரண்டு தொடர்ச்சிகளுக்கு மேல் கூடாது என்று விதி செய்தது. அமலுக்கு வருவதற்கு முதல் நாள் கோர்ட்டு தடுத்தது. 2009ல் விதியே வாபஸ்.

"உயிரியலில் எது பயன்படும் என்று முதல் நாளே தெரியாதே, ஸார்?"

நியாயந்தான். அதனால்தான் இரண்டு போதும் என்கிறேன். மூன்றாவதற்குக் காரணம் சொல்லட்டும். நம் சட்டத்தில், ஒரே மனுவில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டுபிடிப்புகள் இருந்தால்தான் பிரித்துப் போட முடியும். அந்தக் கட்டுப்பாட்டை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது.

நானும் எழுதிப் பிழைக்கிறவன். ராயல்டி எனக்கும் இனிக்கும். ஆனால், பத்து வருஷத்துக்கு முந்திய என் நாவலுக்கு இன்று புது முன்னுரை எழுதி, 'இடையில் மற்றவர்கள் எழுதிய கதைகளும் இதில் அடக்கம்' என்றால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள். நெய்த துணிக்கு ஒரு தடவைதான் கூலி. எந்த ஊரில் யார் புண்ணை அது ஆற்றினாலும், தறிக்காரர் மறுபடி கை நீட்டுவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு 20 வருஷக் கூலி கிடைக்கிறது. அதற்கு மேல் கேட்பது ஆராய்ச்சி அல்ல, வசூல்.