தாராவியை வகுத்துப் பார்த்தால்

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியின் ஆண்டு வணிகம் நூறு கோடி டாலர் என்ற மதிப்பீடு பல வருடமாகப் பத்திரிகைகளில் சுற்றிவருகிறது. சுமார் இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் தோல், மண்பாண்டம், ஆயத்த ஆடை, பிளாஸ்டிக் மறுசுழற்சி என்று இத்தனை தொழில் நடக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? அதைத் தலைக்கு வகுக்கும்போதுதான் வரும். குடியிருப்போர் ஆறு லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. ஆளுக்கு ஏறத்தாழ 1,670 டாலரா, 1,000 டாலரா? தலையை எண்ணுவதிலேயே தகராறு. போதாததற்கு வணிகம் வேறு, வருமானம் வேறு. பட்டறையில் தைத்த பை விற்ற பணத்தில், வெளியிலிருந்து வாங்கிய தோலின் விலையும் அடக்கம்.

வகுத்தால் மட்டும் போதாது, வந்த விடையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே முக்கியம். இதை இதே மும்பையில் செய்துகாட்டியவர் தேசியத் தலைவர் தாதாபாய் நவ்ரோஜி. இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய்தான் என்று கணக்கிட்டு, சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டார். 1876-ல் பம்பாயில் அவர் வாசித்த கட்டுரையின் கூர்மை அந்த ஒப்பீட்டில்தான் இருந்தது.

வருமானம் கூடினால் மற்றதெல்லாம் தானே வரும் என்று வாதிடுவார்கள். பணமில்லாமல் பள்ளியும் சாக்கடையும் வராது என்பது உண்மைதான். ஆனால் மாட்டுங்கா, செம்பூர் தெருக்களில் காலையில் ஹாரன் அடித்தபடி சைக்கிளில் வரும் தாராவி இட்லிக்காரரைப் பாருங்கள். அவர் விற்கும் இட்லி வருமானக் கணக்கில் சேரும். அதே மாவில் வீட்டுக்கென்று அவித்த இட்லியும், பொதுக் கழிப்பறை வரிசையில் அவர் மனைவி நிற்கும் நேரமும் சேராது. வருமானம் கூடியும் அந்த வரிசை குறையவில்லை என்றால் எதை வளர்ச்சி என்பது?

அதற்குத்தான் 1990-லேயே பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முயற்சியில், ஆயுளையும் கல்வியையும் சேர்த்து எண்ணும் மனித வளர்ச்சிக் குறியீடு வந்துவிட்டதே என்பார்கள். நல்ல முன்னேற்றம்தான். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு ஒருபடி மேலே போய், பிற குடும்பங்களோடு பகிரும் கழிப்பறையையும் குறையாகவே எண்ணுகிறது. ஆனால் அதன் விடை மாவட்டவாரியாக வருகிறது. தாராவியும் பணக்காரர் வாழும் மலபார் ஹில்லும் ஒரே மும்பை நகர மாவட்டம். மாநகராட்சி வார்டுக்கு இறங்கினாலும் ஜி வடக்கில் தாராவியோடு வசதியான சிவாஜி பார்க்கும் இருக்கிறது. சராசரிக்குள் யார் ஒளிந்துகொள்கிறார்கள், யார் தொலைந்துபோகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சந்துவாரியாகக் கணக்கெடுத்தால் செலவு அதிகம் என்பது சாக்குதான். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடுவீடாக எண் எழுதி அளக்க முடிந்ததே.

2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத்தான் வருகிறது. அதற்கு ஆள் வரும்போது மாடிக் குடித்தனத்தையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். கழிப்பறை சொந்தமா பொதுவா என்று கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.